திங்கட்கிழமை வயித்துவலியும் பதினொன்னாம் வகுப்பு கணக்கும்

1/
ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். திங்கட்கிழமை ஓபின்னா கூட்டம் தாங்காது. நைட் ஷிப்ட் முடிச்சு யூனிஃபார்மோடயே வர்றவங்க, பிபி, சுகர் மாத்திரை வாங்க வர்ற பெரியவங்க, காய்ச்சல் குழந்தைங்க. அந்தக் கூட்டத்துல போன ஜூலையில ஒரு அம்மாவும் பொண்ணும் வந்தாங்க. பொண்ணுக்கு 16 வயசு. அரசுப் பள்ளி, பதினொன்னாம் வகுப்பு, முதல் குரூப். வயித்துவலி.

(அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன். நீண்ட பதிவு. வீட்டுல பத்தாவது, பதினொன்னாவது படிக்கிற பிள்ளை இருந்தா கடைசி வரை படிங்க.)

2/
"மேடம், மூணாவது தடவை வர்றோம். வெளிய ஸ்கேன் கூட எடுத்துட்டோம், ஒண்ணும் இல்லைங்கிறாங்க. ஆனா காலையில எழுந்தா வயித்தைப் புடிச்சிக்கிட்டு உக்காந்துடுறா. நடிக்கிறாளோன்னு இவங்க அப்பா திட்டுறாரு."

உண்மையைச் சொல்லணும்னா முதல் ரெண்டு தடவையும் நானே அல்சர் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தேன். அன்னைக்கு ஓபி நோட்டைப் புரட்டும்போதுதான் தேதிகளைக் கவனிச்சேன். மூணும் திங்கட்கிழமை.

3/
"திங்கட்கிழமை ஸ்கூல்ல என்னம்மா?"

பொண்ணு தலை நிமிரல. ரொம்ப நேரம் கழிச்சு, "மேத்ஸ் டெஸ்ட் மேடம்."

25 மார்க் டெஸ்ட். நாலு, அஞ்சுன்னு வாங்கிட்டு இருக்கா. பத்தாவதுல கணக்குல 72 வாங்கினவ. வெள்ளிக்கிழமைக்குள்ள குரூப் மாத்தணும்னா லெட்டர் கொடுங்கன்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்களாம். அம்மா பையில அந்த லெட்டர் எழுதியே வெச்சிருந்தாங்க. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

4/
முதல்ல டாக்டரா ஒரு விஷயம். அந்த வலி நடிப்பு இல்ல.

2012-ல் இயான் லயன்ஸ், சியன் பைலாக் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் கணக்குன்னா ரொம்ப பயப்படுறவங்களை மூளை ஸ்கேன்ல வெச்சுப் பார்த்தாங்க. "அடுத்து கணக்கு வரப்போகுது"ன்னு தெரிஞ்ச நொடியில, உடம்பு வலியை உணர்ற மூளைப் பகுதிகள் வேலை செய்ய ஆரம்பிச்சுது. ஆனா கணக்கைப் போட ஆரம்பிச்ச பிறகு அது அப்படித் தெரியல. கணக்கு போடும்போது வர்ற வலி இல்ல அது. வரப்போகுதுன்னு காத்திருக்கும்போது வர்றது.

5/
ஆனா ஒண்ணு. பள்ளிப் பிள்ளையோட வயித்துவலி எல்லாமே டென்ஷன்தான்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. எடை குறையுது, ராத்திரி தூக்கத்துல வலி எழுப்புது, காய்ச்சல், விடாத வாந்தி, மலத்துல ரத்தம், வலது அடிவயித்துல குத்துற வலி: இதுல எது இருந்தாலும் உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க.

கண்ணையும் பாருங்க. போர்டு தெரியாம, பக்கத்துப் பொண்ணு நோட்டைப் பார்த்து எழுதிட்டு இருக்கிற பிள்ளைங்க நிறைய. கணக்குல ஒரு மைனஸ் தெரியலன்னா மொத்தமும் போச்சு. பொண்ணுங்களுக்கு ரத்தசோகையையும் பாருங்க. இவளுக்கு எல்லாம் பார்த்தாச்சு. எல்லாம் நார்மல்.

6/
ஓபி சீட்டுக்குப் பின்னாடி நாலு கணக்கு எழுதிக் கொடுத்தேன். வெளியே பெஞ்சுல உக்காந்து போட்டுட்டு வரச் சொன்னேன்.

முக்கால் பாகத்திலிருந்து அஞ்சுல ரெண்டு பாகத்தைக் கழி. அதாவது 3/4, 2/5.
மைனஸ் 3-லிருந்து மைனஸ் 8-ஐக் கழி.
2-ன் அடுக்கு 3-ஐ 2-ன் அடுக்கு 4-ஆல் பெருக்கு.
எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 5 எக்ஸ் ப்ளஸ் 6, இதைக் காரணிப்படுத்து.

பத்து நிமிஷத்துல கொண்டு வந்தா. அடுக்கு கணக்கு சரி. பின்னம் மூணு தடவை அடிச்சு எழுதி, சரி. மைனஸ் கணக்குக்கு விடை மைனஸ் 11-ன்னு போட்டிருந்தா (சரியான விடை 5). காரணிப்படுத்தல் காலி.

7/
இதைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது? "பதினொன்னாவது படிக்கிற பொண்ணுக்கு இது கூடவா தெரியல"ன்னா?

ஒரு நிமிஷம். இவ பத்தாவது எழுதினது 2025-ல். அப்போ ஆறாவது படிச்சது எப்போ? 2020–21. அந்த வருஷம் பள்ளியே இல்ல. ஏழாவது? 2021–22. தமிழ்நாட்டுல ஒன்னு முதல் எட்டு வரை வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதி. பாதி வருஷம் அதுலயும் போச்சு.

பின்னமும், மைனஸ் எண்களும் சொல்லித் தர்றது அந்த ஆறாவது, ஏழாவதுலதான்.

8/
கல்வி தொலைக்காட்சி இருந்துச்சு. இல்லம் தேடிக் கல்வி வந்துச்சு. ரெண்டும் நிறைய பிள்ளைங்களைக் காப்பாத்துச்சு, மறுக்கல. ஆனா இவங்க வீட்டுல அப்போ ஒரே ஒரு போன். அது கம்பெனி பஸ் ஓட்டுற அப்பாவோட பாக்கெட்ல, ஷிப்ட்ல இருந்துச்சு.

அந்த ரெண்டு வருஷத்தோட கணக்கு எங்கே போச்சுன்னு அதுக்கப்புறம் யாரும் உக்காந்து பார்க்கல. வகுப்பு மட்டும் ஏறிக்கிட்டே போச்சு. இப்போ பதினொன்னாவதுல வந்து விழுது.

9/
"அப்போ 72 எப்படி வந்துச்சு?"ன்னு கேப்பீங்க.

பத்தாவது கணக்கு வினாத்தாள் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். வடிவியல் வரையறதுக்கு 8, கிராஃபுக்கு 8, ஒரு மார்க் கேள்விகள் 14. இதுவே 30. பாஸுக்கு 35 போதும். மீதிக்கு எடுத்துக்காட்டுக் கணக்குகளைத் திரும்பத் திரும்ப எழுதிப் பழகினா 70 தாண்டலாம். இதைக் குறையா சொல்லல. பிள்ளைங்களைத் தேத்தணும்னு ஆசிரியர்கள் பண்ற நியாயமான வேலை அது. ஆனா அந்த 72, உள்ளே எந்தக் கல்லு இல்லைன்னு காட்டாது.

10/
பதினொன்னாவதுல தாவல் பெருசு. பத்தாவதுல எட்டுப் பாடம். பதினொன்னாவதுல ரெண்டு தொகுதி, பன்னிரண்டு பாடம். முக்கோணவியல்ல சூத்திரம் மழை மாதிரி கொட்டும். அப்புறம் அணிகள், வெக்டர், எல்லைகள், வகையிடல், தொகையிடல். இதுல எந்தக் கணக்கா இருந்தாலும் நடுவுல ஒரு காரணிப்படுத்தலும், ரெண்டு மைனஸும் வரும். ஆசிரியர் அதை ஒரே வரியில தாண்டிப் போயிடுவார். தப்பில்ல, அவருக்கு அது ஒன்பதாவது பாடம். பிள்ளைக்கு அங்கேயே கரண்ட் கட். அடுத்த வரியிலேர்ந்து எதுவும் காதுல ஏறாது.

அவ நினைக்கிறது, "எனக்கு வகையிடல் புரியல." உண்மையில புரியாம நிக்கிறது மைனஸ் மூணு மைனஸ் மைனஸ் எட்டு.

11/
எனக்கு இது தெரிஞ்சதுக்குக் காரணம் நான் புத்திசாலிங்கிறது இல்ல. 2007-ல் நானும் இதே இடத்துல உக்காந்திருந்தேன்.

பத்தாவதுல கணக்கு 94. பதினொன்னாவது முதல் தேர்வுல 31. பேப்பரைக் கையில கொடுக்கும்போது ஆசிரியர் வகுப்பு முன்னாடியே கேட்டார், "94 எப்படி வாங்கின, பார்த்து எழுதினியா?" மொத்த வகுப்பும் சிரிச்சுது. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் நான் அந்த வகுப்புல ஒரு சந்தேகம் கூடக் கேக்கல.

12/
காப்பாத்தினது எதிர்வீட்டு அக்கா. பி.எஸ்சி. கணிதம் படிச்சுட்டு இருந்தாங்க. என் பதினொன்னாவது புத்தகத்தை மூடி வெச்சுட்டு, "ஒன்பதாவது புக் இருக்கா?"ன்னாங்க. எனக்கு அவமானமா இருந்துச்சு. மூணு வாரம் தினமும் முக்கால் மணி நேரம், வெறும் இயற்கணிதம். நாலாவது வாரம் பதினொன்னாவது புத்தகத்தைத் திறந்தப்போ அதே பக்கம் வேற மாதிரி தெரிஞ்சுது.

பன்னிரண்டாவதுல 200-க்கு 162. பெரிய மார்க் இல்ல. ஆனா பயம் இல்லாம வாங்கின மார்க்.

13/
சரி, அந்த லெட்டருக்கு வருவோம். குரூப் மாத்தினா என்ன தப்பு?

தப்பே இல்ல, அந்தப் பக்கம் போகணும்னு ஆசை இருந்தா. எங்க வார்டுல ஒரு ஸ்டாஃப் நர்ஸ் சிஸ்டர் இருக்காங்க. நர்ஸ் ஆகணும்னு சின்ன வயசுலயே முடிவு பண்ணி உயிரியல் குரூப் எடுத்தவங்க. காமர்ஸ் எடுத்து நல்லா வந்தவங்க எத்தனையோ பேர். முதல் குரூப்தான் அறிவாளிங்க குரூப்ங்கிற பேச்சை நான் ஒத்துக்க மாட்டேன்.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். ஒரு இடத்துக்குப் போகணும்னு குரூப் மாத்துங்க. ஒரு பயத்திலிருந்து ஓடுறதுக்காக மாத்தாதீங்க.

14/
அந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன், "என்னவாகணும்னு ஆசை?"

அப்பா கம்பெனியில ஃபேமிலி டே அன்னைக்கு உள்ள கூட்டிட்டுப் போயிருக்காங்க. வெல்டிங் ரோபோ வேலை செய்யறதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்திருக்கா. "அதுக்கு சொல்லிக் கொடுக்கிற வேலை இருக்காமே மேடம், அது."

அந்த வேலைக்குப் போற வழியில கணக்கு இருக்கு. ரோபோ கை எந்தக் கோணத்துல எவ்வளவு திரும்பணுங்கிறது சைன், காஸ், அணிகள். அவ பயந்து ஓடப் பார்க்கிற அதே பாடங்கள்.

15/
பொறியியல் கலந்தாய்வுல கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடுறாங்க. அதுல இயற்பியல் 50, வேதியியல் 50, கணக்கு மட்டும் 100. பிளஸ் டூவுல கணக்கு இல்லன்னா அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடினது.

இவ அரசுப் பள்ளிப் பொண்ணு. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்குப் பொறியியல் மாதிரி தொழிற்படிப்புகள்ல 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2021-லிருந்து இருக்கு. அதுல சேர்றவங்களோட படிப்புச் செலவை அரசு ஏத்துக்குது. புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் தனி. அவங்க அம்மாவுக்கு இதுல எதுவுமே தெரியாது. தெரியாமலே லெட்டர் எழுதியாச்சு.

16/
இந்த ஏரியாவுல இருக்கிறவங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்ல. 1998-ல இருங்காட்டுக்கோட்டையில முதல் கார் உருண்டதுலேர்ந்து நாம பார்த்துட்டுதான் இருக்கோம். 2006-ல் நோக்கியா வந்துச்சு, 2014-ல் மூடினாங்க. லைன்ல நின்னவங்க எத்தனை பேர் ஒரே மாசத்துல வீட்டுக்குப் போனாங்கன்னு உங்க தெருவுலயே ஆள் இருப்பாங்க, கேட்டுப் பாருங்க.

வல்லம் வடகாலில் 2024-ல் 18,720 பெண்கள் தங்குற ஹாஸ்டல் திறந்தாங்க. அப்படி ஹாஸ்டல்கள்ல தங்கி வேலை பார்க்கிற பிள்ளைங்க எங்க ஓபிக்கும் வர்றாங்க. சொந்தக் கால்ல நிக்கிறாங்க, மரியாதைக்குரிய உழைப்பு. ஆனா ஒரே கேட்டுக்குள்ள ரெண்டு பிள்ளைங்க போறாங்க. ஒருத்தி மெஷின்ல பொருளை வெக்கிறா. இன்னொருத்தி அந்த மெஷின் ஏன் நின்னுச்சுன்னு பார்க்கிறா. பல நேரம் இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிறது பதினொன்னாவதுல எடுத்த ஒரு முடிவு.

17/
"கணக்கு வேணாம், பாலிடெக்னிக் போயிடலாம்"னு சொல்ற பெற்றோரும் நிறைய. பாலிடெக்னிக் அருமையான வழி. டிப்ளமோ முடிச்சா பி.இ. ரெண்டாம் வருஷத்துல நேரடியாச் சேரலாம். ஆனா முதல் வருஷமே கணக்கு இருக்கு. ஐடிஐ-லயும் பணிமனைக் கணக்கு இருக்கு. காமர்ஸ்ல வணிகக் கணிதம் இருக்கு.

உங்க பத்தாவது கணக்குப் புத்தகத்தோட கடைசிப் பாடத்துல திட்ட விலக்கம்னு ஒண்ணு வரும், ஞாபகம் இருக்கா? கம்பெனி குவாலிட்டி பிரிவுல வெக்கிற கன்ட்ரோல் சார்ட் அதை வெச்சுதான் ஓடுது. ஷூவார்ட்னு ஒரு அமெரிக்கர் 1924-ல் கொண்டு வந்த முறை.

18/
ஏன், மருத்துவத்துல இல்லையா? 10 கிலோ குழந்தைக்குக் காய்ச்சல். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆக 150. ஒரு சிரப்புல 5 மில்லியில 125 இருக்கும், இன்னொண்ணுல 250. முதல்ல 6 மில்லி, ரெண்டாவதுல 3 மில்லி. மாத்திக் கொடுத்தா டோஸ் ரெட்டிப்பு. எங்க சிஸ்டர் தூக்கக் கலக்கத்துல ராத்திரி ரெண்டு மணிக்குப் போடுற கணக்கு இது.

அதனால கணக்கே இல்லாத வழின்னு ஒண்ணைத் தேடிட்டு ஓடாதீங்க. ஓடின இடத்துலயும் அது நிக்கும். அப்போ சொல்லிக் கொடுக்க ஆள் இருக்க மாட்டாங்க.

19/
பெற்றோருக்கு.

"எனக்கும் கணக்கு வராது, இவளுக்கும் அதான்"னு பிள்ளை காதுபடச் சொல்லாதீங்க. சுகர் மாதிரி இது வம்சமா வந்துடுச்சுன்னு பிள்ளை நம்பிடும். (டிஸ்கால்குலியான்னு ஒரு கற்றல் குறைபாடு உண்டு. அது பெரும்பாலும் சின்ன வகுப்புலயே தெரியும்: மணி பார்க்க, சில்லறை எண்ணவே திணறுவாங்க. அப்படி இருந்தா பரிசோதிச்சு சான்று வாங்கினா பொதுத்தேர்வுல சலுகைகள் உண்டு.)

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு கணக்கு"ங்கிறதும் வேணாம். 2010-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, கணக்குக்குப் பயப்படுற ஆசிரியைகள்கிட்ட படிச்ச சின்ன வகுப்புப் பெண் குழந்தைகளுக்கு, வருஷக் கடைசியில "கணக்கு பசங்களுக்குத்தான்"ங்கிற எண்ணம் ஒட்டிக்கிறதும், அப்படி ஒட்டின பிள்ளைங்களோட கணக்கு பின்தங்குறதும் தெரிஞ்சுது. பயம் தொத்தும்.

20/
ஆசிரியர்களுக்கும் பள்ளிகளுக்கும், கை கூப்பிக் கேக்கிறேன்.

2017–18-ல் பதினொன்னாவதுக்குப் பொதுத்தேர்வு கொண்டு வந்ததே, பல பள்ளிகள் அந்தப் பாடத்தை நடத்தாம நேரா பன்னிரண்டாவதுக்குத் தாவினதாலதான். 2025–26-லிருந்து அந்தப் பொதுத்தேர்வை எடுத்துட்டாங்க. டாக்டரா நான் வரவேற்கிறேன். மூணு வருஷம் தொடர்ந்து பொதுத்தேர்வுங்கிறது பிள்ளைங்க உடம்புக்கு நல்லதில்ல. ஆனா பழைய தாவல் திரும்ப வந்துடக் கூடாது. கிடைச்ச மூச்சுல, முதல் மூணு வாரத்தை எட்டாவது, ஒன்பதாவது இயற்கணிதத்துக்குக் கொடுங்க. குரூப் மாத்துற கடைசித் தேதியை அதுக்கப்புறம் வைங்க. ரெண்டு வாரத்துல நாலு மார்க் வாங்கின பிள்ளைகிட்ட வாழ்க்கை முடிவைக் கேக்கிறது நியாயமில்ல.

21/
தம்பி, தங்கச்சி, இது உங்களுக்கு.

மேல நான் எழுதின நாலு கணக்கைப் போட்டுப் பாருங்க. எங்க தடுக்குதோ அந்த வகுப்புப் புத்தகத்தை எடுங்க. புத்தகம் இல்லன்னா அரசு இணையதளத்துலயே இலவசமா இருக்கு. தினமும் 40 நிமிஷம், மூணு வாரம். புரியாத வரியில பென்சிலால ஒரு கோடு போட்டு, அந்த ஒரு வரியை மட்டும் ஆசிரியர்கிட்ட கேளுங்க. "சார் எதுவும் புரியல"ன்னா அவருக்கு எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியாது. "சார், இந்த வரியிலேர்ந்து இந்த வரி எப்படி வந்துச்சு"ன்னா அரை நிமிஷத்துல சொல்லிடுவார்.

தேர்வுக்கு முந்தின ராத்திரி தூங்குங்க. தூங்காத மூளைக்குப் படிச்சதும் நிக்காது. சின்ன வயசுல பள்ளி பூட்டிக் கிடந்தது உங்க தப்பு இல்ல.

22/
மூணு வாரம் இல்ல, ஆறு வாரம் உண்மையா முயற்சி பண்ணியும் பிடிக்கலையா? அப்போ மாத்துங்க. தலை நிமிர்ந்து மாத்துங்க. அதுல எந்தக் கேவலமும் இல்ல. ஒரு பாடத்துக்காக உடம்பையும் மனசையும் உடைச்சுக்க வேணாம்.

"செத்துடலாம் போல இருக்கு"ன்னு பிள்ளை விளையாட்டாச் சொன்னாலும் விளையாட்டா எடுத்துக்காதீங்க. தனியா விடாதீங்க. 104-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம். 14416 மனநலத்துக்கான இலவச எண். படிப்பு, குரூப் சம்பந்தமான சந்தேகத்துக்கு பள்ளிக் கல்வித்துறையோட 14417.

23/
அந்தப் பொண்ணுக்கு அன்னைக்கு நான் மாத்திரை எதுவும் எழுதல. அம்மாகிட்ட, "ஸ்கூல்ல பேசி காலாண்டு வரைக்கும் டைம் கேளுங்க, லெட்டர் எங்கேயும் ஓடிடாது"ன்னு மட்டும் சொன்னேன். அவங்க போய்க் கேட்டாங்க. ஸ்கூல்ல ஒத்துக்கிட்டாங்க. பக்கத்துத் தெருவுல இன்ஜினியரிங் படிக்கிற ஒரு பையன் ஞாயிற்றுக்கிழமைகள்ல சொல்லிக் கொடுத்திருக்கான்.

போன வாரம் அம்மாவுக்கு பிபி மாத்திரை வாங்க ரெண்டு பேரும் வந்தாங்க. காலாண்டுத் தேர்வுல 90-க்கு 41. நடுவுல ஒரு திங்கட்கிழமை வயித்துவலி வந்துச்சாம், அப்படியே ஸ்கூலுக்குப் போயிட்டாளாம்.

24/
"இன்னும் பயமா இருக்கா?"ன்னு கேட்டேன்.

"இருக்கு மேடம். ஆனா எங்க தெரியலன்னு தெரியுது."

லெட்டர் இன்னும் அம்மா பையிலதான் இருக்கு, மடிச்சபடியே. அரையாண்டு முடிஞ்சு பார்க்கலாம்னு இருக்காங்க. அவ முதல் குரூப்லயே இருப்பாளா, மாத்துவாளான்னு எனக்குத் தெரியாது. எதுவா இருந்தாலும் அவ பார்த்து எடுக்கிற முடிவா இருக்கும்.

இன்னைக்கு ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்குப் போனதும், மார்க் எவ்வளவுன்னு கேக்காம, "எந்த வரியில நிக்குது?"ன்னு உங்க பிள்ளைகிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க. தேவைப்படுற யாருக்காவது இதை அனுப்புங்க.